இறங்கும் பாதையின் தலைவாசலில்

மலைப்பயணம் என்றால் நமக்கெல்லாம் ஒரு வழக்கம் உண்டு. விடியற்காலையில் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்போம். மூச்சிரைக்க ஏறுவோம். உச்சியில் குளிர்ந்த காற்று வரவேற்கும். களைத்துப்போன கால்களுக்கு இறக்கம் இளைப்பாறுதலாக அமையும். வாசக நேயர்களே, இந்த ஒழுங்கு முழுவதும் தலைகீழாக மாறிவிட்ட ஓரிடத்திற்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அங்கே தொடக்கமே உச்சி. புத்துணர்வோடு இருக்கும்போது இறக்கம். களைத்த பிறகு ஏற்றம். கீழே செல்லச் செல்லக் குளிர் குறைந்து வெப்பம் மிகும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆறு அறுத்துச் சென்ற கிராண்ட் கேன்யன் பெரும்பள்ளத்தாக்கின் தென்விளிம்பில் உள்ள 'பிரைட் ஏஞ்சல்' என்னும் நடைபாதையின் தலைவாசல்தான் அது.

நம் குடும்பங்களில் அமெரிக்காவில் பணிபுரியும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர் இன்று பலர். "வாப்பா, உம்மா வந்திருக்கிறார்களே, எங்கேனும் அழைத்துச் செல்வோம்" என்று பிள்ளைகள் திட்டமிடும்போது இந்தப் பள்ளத்தாக்கின் பெயர் தவறாமல் வரும். லாஸ் வேகாஸ் நகரிலிருந்து புறப்படுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. 2007-இல் திறக்கப்பட்ட கண்ணாடித்தள நடைமேடை அமைந்துள்ள மேற்குப் பகுதி, ஹுவலபாய் என்னும் பழங்குடியினருக்கு உரிய நிலம். நாம் பேசும் தேசியப் பூங்காவின் தென்விளிம்பு அதுவன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பல மணி நேரம் வண்டியோட்ட வேண்டும். பெயர் ஒற்றுமையில் மயங்கிச் சென்று திரும்புவோர் உண்டு.

பள்ளத்தாக்கின் நீளம் 446 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர். ஆழமோ ஒரு மைலுக்கும் மேல். எண்களைக் கேட்டு எதுவும் விளங்காது. விளிம்பில் நின்று பார்த்தாலும் விளங்காது என்பதே வியப்பு. எதிர்க்கரை ஓர் ஓவியத்திரை போலத் தெரியும். ஆறு ஒரு நூலிழையாகக்கூடப் பல இடங்களில் கண்ணுக்குப் புலப்படாது. கண்ணின் அளவுகோல் தோற்றுப்போகும் இடம் அது.

1540-ஆம் ஆண்டு ஹோப்பி பழங்குடியினர் வழிகாட்ட இவ்விளிம்பை அடைந்த ஸ்பானிய வீரர்களுக்கும் இதுவே நேர்ந்தது. கார்சியா லோபஸ் டி கார்தெனாஸ் என்பவர் அவர்களின் தலைவர். ஆற்றுக்கு இறங்க வழி தேடி மூன்று நாட்கள் அலைந்தார்கள். மூவர் இறங்கிப் பார்த்து, மூன்றில் ஒரு பங்கு தொலைவோடு திரும்பினர். மேலிருந்து ஆள் உயரம் எனத் தோன்றிய பாறைகள், அருகே சென்றபோது செவில் நகரின் பெரிய கோபுரத்தைவிட உயர்ந்து நின்றன என்று அவர்கள் கூறியதை அக்காலக் குறிப்பொன்று பதிவு செய்துள்ளது. அந்தக் கோபுரம் எது தெரியுமா? 'லா ஹிரால்டா' என இன்று வழங்கும் அது, 12-ஆம் நூற்றாண்டில் முவஹ்ஹிதுகளின் ஆட்சியில் செவில் பெரிய பள்ளிவாசலுக்காக எழுந்த மினாரா! அந்தலூசியா கைமாறிச் சில நூற்றாண்டுகள் கழிந்த பின்னும், உலகின் மறுகோடியில் உயரத்தை அளக்க அந்த வீரர்களின் நினைவுக்கு வந்தது ஒரு பாங்குக் கோபுரம்தான்.

இன்னொரு தொடர்பும் உண்டு. பள்ளத்தாக்கிற்குச் செல்வோர் பெரும்பாலும் பிளாக்ஸ்டாஃப், வில்லியம்ஸ் ஆகிய ஊர்களின் வழியே செல்வர். அவ்வூர்களைத் தொட்டுச் செல்லும் நெடுஞ்சாலைக்கு முன்னோடியான வண்டிப்பாதையை 1857-இல் எட்வர்டு பீல் என்பவர் அளந்து வகுத்தபோது, சுமை தூக்க ஒட்டகங்களைக் கொண்டு சென்றார். அமெரிக்க இராணுவம் அவற்றை மத்திய தரைக்கடல் துறைமுகங்களிலிருந்து கப்பலில் தருவித்திருந்தது. ஒட்டகங்களோடு வந்த பாகர்களுள் ஒருவர் ஹாஜி அலி. அப்பெயர் அமெரிக்க நாவில் 'ஹை ஜாலி' ஆகிவிட்டது. ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்டது. மனிதர் அங்கேயே தங்கி 1902-இல் மறைந்தார். அரிசோனாவின் குவார்ட்ஸ்சைட் என்னும் சிற்றூரில், உச்சியில் ஒட்டக உருவம் தாங்கிய கூம்பு வடிவக் கற்சின்னம் அவர் அடக்கத்தலத்தின் மீது நிற்கிறது. வாய்ப்புள்ளோர் காணலாம், ஆனால் அது பள்ளத்தாக்கிலிருந்து நெடுந்தொலைவு.

இனி, தலைவாசலுக்கு வருவோம்.

இடம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,850 அடி உயரம். நம் கொடைக்கானலின் உயரத்தை ஒட்டியது எனலாம். ஊசியிலை மரங்கள், குளிர்காலத்தில் பனி, கோடையிலும் இதமான காலை. ஒருபுறம் கோவேறு கழுதைகளின் தொழுவம். மறுபுறம், விளிம்பிலேயே தொற்றிக்கொண்டிருக்கும் மரவீடு. அது எல்ஸ்வொர்த், எமரி என்னும் கோல்ப் சகோதரர்கள் 1904-இல் தொடங்கிய நிழற்படக்கூடம். காலையில் கழுதைகள் மீதேறி இறங்கும் பயணிகளை அவர்கள் படம் பிடிப்பார்கள். ஆனால் படத்தைக் கழுவி எடுக்க விளிம்பில் தூய நீர் கிடையாது. எனவே எமரி படத்தகடுகளைச் சுமந்துகொண்டு, 7 கிலோமீட்டருக்கு மேல் கீழே உள்ள நீரூற்றுக்கு ஓடுவார். அங்கே படங்களை உருவாக்கி, பயணிகள் மேலே திரும்புவதற்குள் ஏறி வந்து விற்பார். நம்மில் பலர் வாழ்நாளில் ஒருமுறை இறங்கி ஏறத் தயங்கும் வழியில், பிழைப்புக்காக ஓடிய ஓட்டம் அது.

அந்த நீரூற்றில்தான் இப்பாதையின் உண்மையான வரலாறு இருக்கிறது. அதைக் கூறாமல் காட்சியழகை மட்டும் வருணிப்பது நேர்மையாகாது.

பாறையடுக்குகள் பிளந்து விலகிய ஒரு பிளவை ஒட்டி இத்தடம் அமைந்தது. வேறெங்கும் செங்குத்தாக நிற்கும் பாறைச்சுவர் இங்கே உடைந்து வழிவிடுகிறது. அதை முதலில் கண்டு பயன்படுத்தியவர்கள் ஹவசுபாய் மக்கள். 'நீலப்பசுமை நீரின் மக்கள்' என்பது அப்பெயரின் பொருள். பாதி வழியில் உள்ள ஊற்றைச் சுற்றி அவர்கள் பயிர் செய்து வாழ்ந்தனர். 1890-களில் கனிமம் தேடி வந்தோர் அதே தடத்தை அகலப்படுத்தினர். அவர்களுள் ஒருவரான ரால்ப் கேமரன் அதனைத் தமக்குரிய பாதையாக அறிவித்து, இறங்குவோர் ஒவ்வொருவரிடமும் ஒரு டாலர் வசூலித்தார். பின்னாளில் அவர் அமெரிக்க செனட் உறுப்பினராகவும் ஆனார்! அவருடைய சுங்கத்தைத் தவிர்ப்பதற்காகவே பூங்காத் துறை 1920-களின் நடுவில் 'சவுத் கைபாப்' என்னும் இன்னொரு பாதையை வெட்டியது. 1928-இல் பிரைட் ஏஞ்சல் பாதையும் அரசின் கைக்கு வந்தது.

அந்த 1928-ஆம் ஆண்டில்தான், ஊற்றங்கரையில் எஞ்சியிருந்த கடைசி ஹவசுபாய் குடியிருப்பாளரான கேப்டன் புரோ என்பவர் வெளியேற்றப்பட்டார். சுங்கம் கேட்டவரோடு அரசு பல்லாண்டு வழக்காடியது. உழுது வாழ்ந்தவரை அப்புறப்படுத்தவோ ஓர் உத்தரவு போதுமாயிருந்தது. அதற்கு முன்பே, 1882-இல், அம்மக்களின் பரந்த வாழ்நிலம் 518 ஏக்கராகச் சுருக்கப்பட்டிருந்தது. பூங்கா 1919-இல் உருவானபோது அவர்களின் மேட்டுநிலம் சுற்றுலாவுக்கு உரியதாயிற்று. நெடுங்காலப் போராட்டத்திற்குப் பின் 1975-இல் ஏறத்தாழ 1,85,000 ஏக்கர் திருப்பித் தரப்பட்டது. ஊற்றிருந்த இடம் மட்டும் 'இந்தியன் கார்டன்' என்ற பெயரோடு நீடித்தது. மக்களைத் துரத்திவிட்டு அவர்களின் பெயரைப் பலகையில் எழுதிய அந்த முரண்பாடு 2022 நவம்பரில் ஓரளவு நீங்கியது. இப்போது அதன் அதிகாரப்பூர்வப் பெயர் 'ஹவசுபாய் கார்டன்ஸ்'. நீங்கள் அங்கே மரநிழலில் அமர்ந்து நீர் பருகும்போது, அது யாருடைய தோட்டம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இறங்கத் தொடங்கியதும் ஒரு குகைவாயில். சற்றுத் தள்ளி இன்னொன்று. முதல் வாயிலை ஒட்டிய பாறையில் பழங்குடியினர் தீட்டிய செந்நிற ஓவியங்கள் உள்ளன. அண்ணாந்து பார்க்காதவர்கள் அவற்றைக் காணாமலேயே கடந்துவிடுவர். காலடியில் உள்ள சுண்ணாம்புப்பாறை ஏறத்தாழ 27 கோடி ஆண்டுப் பழமையானது. அதில் கடல்சிப்பிகளின் படிவங்கள் காணப்படுகின்றன. இத்துணை உயரத்தில் கடல்! அடியில், ஆற்றை ஒட்டிய கரும்பாறையோ 170 கோடி ஆண்டுக்கும் மேற்பட்டது. இடையே செங்குத்தாக நிற்கும் செஞ்சுவர் உண்மையில் சாம்பல் நிறக் கல். மேலடுக்குகளின் இரும்புத் துரு மழைநீரில் வழிந்து அதற்குச் செஞ்சாயம் பூசிவிட்டது.

கோவேறு கழுதைகள் வந்தால் வழிவிட வேண்டியது நாம்தான். பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் சுவரை ஒட்டி அசையாமல் நின்று, ஓட்டுபவர் சொல்வதைக் கேட்கவேண்டும்.

முதல் ஓய்வுக்கூடம் சுமார் 2.4 கிலோமீட்டரில், இரண்டாவது சுமார் 4.8 கிலோமீட்டரில். குடும்பத்தோடு செல்வோர்க்கு முதற்கூடமே போதும் என்பது என் கருத்து. ஏனெனில் இப்பாதையின் சூழ்ச்சி இதுதான்: இறங்கும்போது அது உங்களைப் புகழ்ந்துகொண்டே வரும். கால்கள் தாமாக நடக்கும். "இன்னும் ஒரு வளைவுதான்" என்று மனம் சொல்லும். ஏறுவதற்கு இறங்கிய நேரத்தைப் போல் இரு மடங்கு தேவை என்பது பூங்காக் காவலர்களின் கணக்கு. ஆற்றங்கரைக்கு இறங்கி அன்றே ஏறிவிட முயலாதீர்கள் என்று எச்சரிக்கைப் பலகைகள் கெஞ்சுகின்றன. விளிம்புக்கும் ஆற்றுக்கும் இடையே ஏறத்தாழ 4,400 அடி. மேலே இதமான காலை நிலவும் கோடைநாளில், கீழே நிழலிலேயே 40 பாகை செல்சியசைத் தாண்டும். ஆண்டுதோறும் 250-க்கும் மேற்பட்டோரை மீட்க வேண்டியிருப்பதாகப் பூங்காத் துறை கூறுகிறது. அவர்கள் எல்லாரும் முதியோர் என்று எண்ணிவிடாதீர்கள். தம் உடல்வலிமையை நம்பிய இளைஞர்கள் அவர்களில் நிறையப் பேர். வெப்பத்தால் உயிரிழந்தோரும் உண்டு.

ஆகவே கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை ஏற்றத்தில் நடக்கலாகாது என்பது விதி போன்ற அறிவுரை. நம் குடும்பங்களுக்கு இது கடினமன்று. பஜ்ருத் தொழுகையை முடித்து வெளிச்சம் கண்டதும் இறங்கினால், வெயில் ஏறுமுன் மேலே வந்துவிடலாம். தண்ணீர் மட்டும் போதும் என்பதும் தவறான எண்ணம். வியர்வையில் உப்பை இழந்த உடலுக்கு வெறும் நீரை மேன்மேலும் ஊற்றினால் குருதியில் சோடியம் குறைந்து மயக்கமும் உயிராபத்தும் நேரும். நீரோடு உப்புள்ள தின்பண்டமும் செல்ல வேண்டும். வறுத்த உப்புக்கடலை, முறுக்கு, ஊறுகாய் தடவிய ரொட்டி என நம் வீட்டு மூட்டையில் இருப்பவையே இங்கு மருந்து.

தண்ணீரைப் பற்றி இன்னொரு செய்தி. தென்விளிம்பின் விடுதிகளிலும் குழாய்களிலும் வரும் நீர் எங்கிருந்து வருகிறது? எதிரே தெரியும் வடவிளிம்பின் அடியில் உள்ள 'ரோரிங் ஸ்பிரிங்ஸ்' ஊற்றிலிருந்து! ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளக் குழாயில் பள்ளத்தாக்கைக் கடந்து, பாலத்தில் தொங்கி ஆற்றைத் தாண்டி, ஹவசுபாய் கார்டன்ஸிலிருந்து மேலேற்றப்படுகிறது. 1960-களில் தொடங்கி அமைத்த இக்குழாய் 2010 முதல் 85 தடவைக்கு மேல் உடைந்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் இறுதியில் அடுத்தடுத்து உடைந்தபோது, தென்விளிம்பில் இரவு தங்குவதையே நிறுத்தினார்கள். புதுப்பிக்கும் பணி 2023-இல் தொடங்கியது. அதன்பொருட்டுப் பாதையின் பகுதிகள் அவ்வப்போது மூடப்பட்டதுண்டு. எந்தக் குழாயில் நீர் வருகிறது, எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்பதை அன்றன்று காவலரிடம் கேட்டறிவது கட்டாயம். நீருக்கு உரிய அந்த வடவிளிம்பையோ 2025 ஜூலையில் காட்டுத்தீ சூறையாடியது. அங்கிருந்த பழம்பெரும் தங்கும் விடுதியும் எரிந்து வீழ்ந்தது.

நடக்க இயலாத பெரியோர்க்கு என்ன வழி என்று கேட்பீர்கள். விளிம்பை ஒட்டிச் சமதளமான நடைபாதை உண்டு. சக்கர நாற்காலியும் பல பகுதிகளில் செல்லும். அதில் 'காலத்தின் தடம்' என்றொரு பகுதியில், ஒவ்வொரு மீட்டரும் பத்து இலட்சம் ஆண்டுகளைக் குறிக்கும்படி அடையாளமிட்டு, அந்தந்தக் காலத்துக் கற்களையும் எடுத்து வைத்திருக்கிறார்கள். பேரக்குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நூறு அடி எடுத்து வைத்தால் கோடிக்கணக்கான ஆண்டுகள் கடந்துவிடும். இலவசப் பேருந்துகளும் விளிம்பு நெடுகிலும் ஓடுகின்றன.

உடல்வலிமையும் முன்பதிவும் உள்ளவர்கள், ஆற்றைக் கடந்து, மேரி கோல்ட்டர் என்னும் பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1922-இல் எழுந்த 'பாண்டம் ரேஞ்ச்' விடுதியில் ஓர் இரவு தங்கலாம். அதற்கு மாதக்கணக்கில் முன்னதாகக் குலுக்கலில் இடம்பெற வேண்டும். அங்கே ஓர் அஞ்சல்பெட்டி உண்டு. அதில் நீங்கள் இடும் அட்டையைக் கோவேறு கழுதையின் முதுகில் ஏற்றி மேலே கொண்டுசெல்வார்கள். 'கழுதை வழி அஞ்சல்' என்ற முத்திரையோடு அது காயல்பட்டினத்திற்கும் வரும், கீழக்கரைக்கும் வரும்.