பிந்திய ஒரு திருத்தம்

கடந்த மாதம் ஜேர்மனியின் கொலோன் நகரில் இருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நாங்கள் "டிங்கர் அண்ணை" என்று அழைத்த மனிதர் தமது 84 ஆவது வயதில் காலமாகிவிட்டார். அவருக்கு நான் கொடுத்திருந்த ஒரு வாக்கும் அன்றோடு முடிவுக்கு வந்தது. எனவே இதை இப்போது எழுதலாம்.

1970 களின் கொழும்பை நினைத்துப் பாருங்கள். கார் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்த காலம். வேகக் கார்களில் மோகம் கொண்டவர்கள் பழைய இங்கிலாந்துக் கார்களையே திருத்தித் திருத்தி ஓடினார்கள். டிங்கர் அண்ணை அப்போது ஒரு சிறிய கராஜ் வைத்திருந்தார். றிம்மை லேத்தில் வெட்டி, நடுவே இரும்புப் பட்டை வைத்து ஒட்டி அகலமாக்குவார்கள். அகலமான ரயர் வளைவுகளில் நிலத்தை நன்றாகப் பற்றும். ஆனால் அந்தச் சில்லு மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். மட்கார்டின் வளைவை வெட்டி, புதிய தகட்டை அடித்து வளைத்து வெளியே இழுக்க வேண்டும். அதில் அண்ணையின் கைக்கு ஈடில்லை என்பார்கள்.

1979 ஏப்ரலில் ஓர் எம்.ஜி. மிட்ஜெட் காருக்கு அவர் அந்த வேலையைச் செய்தார். 1934 இல் தொடங்கிய மகாகஸ்தொட்டை மலையேற்றப் பந்தயத்தில் ஓடுவதற்காக அதன் சொந்தக்காரர் அவசரப்பட்டார். கார் பந்தயத்தைக் காணவில்லை. நுவரெலியாவுக்குப் போகும் வழியில், ஒரு வளைவில் புரண்டு பள்ளத்தில் விழுந்தது. அந்த இளைஞரின் இடது கால் நசுங்கியது. அதன் பின் அவர் ஒருபோதும் கார் ஓட்டவில்லை.

அந்தச் செய்தியை எழுதியவன் நான். பத்திரிகைத் தொழிலுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பொலிஸ் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர்கள் சொன்னதை எழுதினேன். "அதிவேகமும் சாரதியின் கவனயீனமுமே விபத்துக்குக் காரணம்." ஆறு வரிச் செய்தி. மறுநாளே மறந்துபோனேன்.

1983 ஜூலையில் அண்ணையின் கராஜ் சாம்பலாயிற்று. 1985 இல் எத்தனையோ பேரைப் போல அவரும் கிழக்கு பெர்லின் வழியாக ஜேர்மனிக்குள் போய்ச் சேர்ந்தார்.

2006 இல் கொலோனில் அவரைச் சந்தித்தேன். வயது 65. ஆனாலும் பழைய கார்களுக்குத் தகட்டு வேலை செய்யும் ஒரு பட்டறைக்கு வாரத்தில் மூன்று நாள் போய்வந்தார். அன்று அவர் முன்னால் நின்றது 1982 ஆம் ஆண்டுப் போர்ஷே 911. டர்போ மாதிரிக்குரிய அகன்ற மட்கார்டுகளை அதற்கு ஒட்டிக்கொண்டிருந்தார்.

911 இன் எஞ்சின் பின்சில்லுகளுக்கும் பின்னால் இருக்கிறது. பாரம் பின்னால் கூடுவதால் பின்சில்லு அகலமாக இருப்பது நல்லது. 1973 மாதிரியான கரேரா ஆர்.எஸ். 2.7 காருக்கு முன்னே 6 அங்குல றிம்மும் பின்னே 7 அங்குல றிம்மும் போட்டு, அதற்காகப் பின் மட்கார்டுகளை அகலப்படுத்தியது போர்ஷே நிறுவனமே. பிறகு வந்த டர்போவின் பின்புறம் இன்னும் அகலம். அதைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் சாதாரண 911 ஐயும் அவ்வாறே மாற்றத் தொடங்கினார்கள்.

அண்ணை எனக்குக் காட்டியது வெளித்தகட்டை அல்ல. குனியச் சொல்லி உள்ளே வெளிச்சம் அடித்தார். பின் மட்கார்டில் இரண்டு தகடுகள் உண்டு. வெளித்தகடும் சில்லுக்கூட்டின் உட்தகடும் விளிம்பில் சேர்கின்றன. வெட்டினால் இரண்டும் பிரியும். அந்த இடைவெளியை மீண்டும் ஒட்டி மூடாமல் மேலே அழகாகப் பூசிவிட்டால், சேறும் தண்ணீரும் புகுந்து உள்ளிருந்தே துருப்பிடிக்கும். 1976 மாதிரியில் இருந்து 911 இன் உடலுக்கு நாக முலாம் பூசினார்கள். வெட்டிய இடத்தில் அந்தக் காப்பும் போய்விடும்.

அதன் பிறகு ஒவ்வொரு சில்லையும் ஜாக் வைத்து, இனி மேலே போகாது என்ற இடம் வரை உயர்த்தினார். முன்சில்லுகளை இடமும் வலமும் முழுதாகத் திருப்பினார். ரயருக்கும் விளிம்புக்கும் நடுவே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். ஜேர்மனியில் இப்படி மாற்றிய காரைப் பரிசோதகர் பார்த்து, காரின் பத்திரத்தில் பதிந்த பிறகே வீதியில் ஓடலாம். சில்லின் நடுவில் இருந்து முன்னுக்கு 30 பாகையும் பின்னுக்கு 50 பாகையும் ரயரின் மேற்பரப்பை மட்கார்ட் மூட வேண்டும் என்ற அளவுகூட உண்டு.

"இவ்வளவும் பரிசோதகருக்காகவோ அண்ணை?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "இல்லைத் தம்பி. அந்த மிட்ஜெட்டுக்காக."

அன்று நேரம் போதவில்லையாம். வெட்டிய தகட்டின் உள்விளிம்பை மடிக்காமல், மேலே பட்டி பூசிப் பெயின்ற் அடித்துக் கொடுத்துவிட்டாராம். சமதரையில், ஆளில்லாத காரில், ரயருக்கு இடம் இருந்தது. வளைவில் பாரம் ஒருபக்கம் சாய்ந்து ஸ்பிரிங் அமுங்கியபோது அந்த விளிம்பு ரயரைக் கத்தி போல அறுத்துவிட்டது. கிழிந்த ரயரை அவர் பிறகு போய்ப் பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை.

"நீர் பேப்பரிலை எழுதினதைப் பாத்தன் தம்பி. தப்பிவிட்டன் எண்டு நினைச்சன். பிறகுதான் தெரிஞ்சுது, தப்பேல்லை எண்டு."

நான் எழுதிய ஆறு வரியைக் கத்தரித்து அவர் பல காலம் வைத்திருந்திருக்கிறார். அது கராஜோடு எரிந்துவிட்டது. தாம் உயிரோடு இருக்கும்வரை இதை எழுத வேண்டாம் என்று கேட்டார். சம்மதித்தேன். சம்மதித்தது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. காரை ஓட்டியவர் அதற்கு முன்பே அவுஸ்திரேலியாவில் இறந்துவிட்டிருந்தார். தம் கவனயீனத்தால்தான் கார் புரண்டது என்று அவரும் நம்பியிருக்கக்கூடும். அச்சில் வந்ததை யார்தான் மறுப்பார்கள்?

பிற்காலத்தில், ஜப்பானில் அக்கிரா நக்காய் என்பவர் போர்ஷேக்களின் மட்கார்டுகளைத் தம் கையாலேயே வெட்டி, அகன்ற பைபர் மட்கார்டுகளைப் பொருத்தும் படம் ஒன்றை அண்ணைக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னார்: "நல்ல கை. ஆனால் நான் உள்ளுக்கைதான் பாக்கவேணும்."

அந்தப் பள்ளத்தின் ஓரம்வரை நான் போயிருந்தால், குனிந்து ஒரு சில்லைப் பார்த்திருந்தால், எனக்கும் அது தெரிந்திருக்கும். அண்ணை நேரமில்லை என்று விளிம்பை மடிக்காமல் விட்டார். நான் நேரமில்லை என்று போகாமல் விட்டேன். அவர் அதன் பிறகு 27 வருடமாக ஒவ்வொரு விளிம்பையும் தடவிப் பார்த்தார்.

திருத்தம்: 1979 ஏப்ரலில் நுவரெலியா வீதியில் நடந்த விபத்துக்கு, நான் எழுதியதுபோல, சாரதியின் கவனயீனம் காரணம் அல்ல. தவறுக்கு வருந்துகிறேன்.