விஸ்வரூப வேளை

டொரண்டோவில் விடியற்காலை ஐந்தரை. ஜன்னலுக்கு வெளியே பனி. ஸ்ரீரங்கத்தில் சாயங்காலம் நாலு. உத்தர வீதியில் இரண்டாம் டோஸ் காபி இறங்கிக்கொண்டிருக்கும்.

ஆறு மாதம் முன்புவரை இந்நேரத்தில் போனும் கையுமாக இருப்பேன். பல்கூடத் தேய்க்காமல் ஆபீஸ் மெயில்களுக்குப் பதில் போடுவேன். பத்து மணிக்கு நிஜமான கணக்கு எதிரே உட்காரும்போது மூளை ஆறின காபி. ஒரு கூட்டலை மூன்று தடவை பார்ப்பேன். ஒருமுறை ஒரு பூஜ்யம் விட்டுப்போய் இரண்டு நாள் மண்டை காய்ந்தது. டைரி, அலாரம் எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. நேரம் இருந்தது, தெம்புதான் இல்லை.

அப்போது ஞாபகத்துக்கு வந்தவர் நம் பக்கத்து ஊர்க்காரர்: 1888இல் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன். அவரும் என்னைப்போலக் கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்கியவர்தான். 1907 முதல் பத்து வருஷம் நிதித்துறை உத்தியோகம், பெரும்பாலும் கல்கத்தாவில். காலை ஐந்தரைக்கே பௌபஜார் தெரு ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடுவார். பத்து மணி நெருங்கும்போது வீட்டுக்கு ஓடிவந்து, குளித்து, இரண்டு கவளம் விழுங்கி, டாக்சி பிடித்து ஆபீஸ். ஐந்து மணிக்கு மறுபடி ஆய்வுக்கூடம். வீடு திரும்ப ராத்திரி பத்தாகும். அந்த ராத்திரிப் பாடு என்னால் ஆகாது. ஆனால் காலைக் கணக்கு புரிகிறது. தெளிந்த தலை ஒளிக்கும் ஒலிக்கும். சர்க்காருக்குப் பத்து மணிக்குமேல்தான்.

நம் கோயிலிலும் இதுதானே வழக்கம்? விடியற்காலை முதல் சேவையான விஸ்வரூபத்தில் திரை விலகினதும் பெருமாள் முதலில் கடாட்சிப்பது பசுவையும் யானையையும். மந்திரியே வந்து நின்றாலும் அப்புறம்தான். நானோ கண் திறந்ததும் மேலதிகாரியைச் சேவித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ராத்திரியே போன் சமையலறை அரிசி டின்மேல் போய்விடுகிறது. எட்டு மணிவரை அதைத் தொடுவதில்லை. அந்த வேளை, இருப்பதிலேயே சிக்கலான ஒரே ஒரு கணக்குக்கு. சனிக்கிழமைகளில் இந்த மடலுக்கு. மெயில்கள் காத்திருக்கின்றன. இதுவரை யாரும் செத்துப்போகவில்லை.

மதியம் நடை சாத்துகிற மாதிரி கால் மணி கண்ணை மூடிக்கொள்கிறேன். இதை மட்டும் மேலதிகாரியிடம் சொல்லவில்லை.