மூன்று புள்ளியும் ஒரு முழங்காலும்

மினசோட்டா மாநிலத்தில் வந்து குடியேறிய தமிழர்களுக்கு இந்தப் பிரதேசத்து ஜனங்களின் சுபாவம் எளிதில் பிடிபடுவதில்லை. ஸ்காண்டிநேவிய தேசங்களிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த விவசாயிகளின் சந்ததியார் மிகுந்த இவ்வூரார், மரியாதையும் உபகார சிந்தையும் நிறைந்தவர்களேயாயினும், மனத்திலுள்ள துக்கத்தையோ சந்தோஷத்தையோ வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறவர்கள். ஆனால் செப்டம்பர் பிறந்து அமெரிக்கக் கால்பந்துப் பருவம் தொடங்கிவிட்டால், ஊதா நிறச் சட்டையணிந்து தங்கள் வைக்கிங்ஸ் அணியைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறபோது, அவர்கள் எதற்கு அஞ்சுகிறார்கள், எதை மன்னிக்கிறார்கள், எதை ஆயுள் உள்ளவரை மறக்கமாட்டார்கள் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வெளிப்படும். இந்த ஊரை நான் அறிந்துகொண்டது பெரும்பாலும் அந்தப் பேச்சுகளின் வழியாகத்தான்.

பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ எறிந்தோ எதிராளியின் எல்லைக்குள் கொண்டு சேர்த்தால் 6 புள்ளி, அதன்மேல் ஒன்றோ இரண்டோ கூடுதல். அவ்வளவு தூரம் முன்னேற முடியாதபோது இரு கம்பங்களுக்கிடையே உதைத்து அனுப்பினால் 3 புள்ளி. ஆகையால் 8 புள்ளிக்கு மேற்படாத வித்தியாசத்தை ஒரே மூச்சில் ஈடுகட்டிவிடலாம். அப்படி முடிகிறவற்றையே நெருக்கமான ஆட்டங்கள் என்று இங்கே கணக்கிடுகிறார்கள். பருவம் முழுவதற்கும் ஆட்டங்கள் 17 மட்டுமே என்பதால், ஓர் உதை கம்பத்துக்கு வெளியே போனாலும் அதன் விளைவு ஜனவரி வரை தொடரும்.

2022-ஆம் ஆண்டுப் பருவத்தில் வைக்கிங்ஸ் 13 ஆட்டங்களில் வென்று 4-இல் தோற்றது. அந்த 13-இல் 11 நெருக்கமானவை; அத்தகைய ஆட்டம் ஒன்றில்கூட அது தோற்கவில்லை. இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணிக்கெதிராக இடைவேளையின்போது 33-0 என்று பின்தங்கி, பார்த்திருந்தவர்களில் பலர் நம்பிக்கை இழந்துவிட்ட பின்னர், கூடுதல் நேரத்தில் 39-36 என்று அவர்கள் வென்றார்கள். இந்த அணிகளெல்லாம் ஆடும் லீகின் சரித்திரத்தில் அதைவிடப் பெரிய மீட்சி கிடையாது. அடுத்த வாரம் நியூயார்க் ஜயண்ட்ஸுக்கெதிராகக் கிரெக் ஜோசப் கடைசி நொடியில் 61 கஜ தூரத்திலிருந்து உதைத்த பந்து வெற்றியைக் கொடுத்தது. இத்தனை வெற்றிகள் இருந்தும், பருவம் முழுவதிலும் அவர்கள் எடுத்த புள்ளிகள் 424, எதிராளிகளுக்குக் கொடுத்த புள்ளிகளோ 427.

எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், கார் கொட்டகைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஒவ்வொரு ஞாயிறன்றும் ஆட்டத்தின் முடிவைப் பென்சிலால் எழுதி, வென்றோமா தோற்றோமா என்பதை விட்டுவிட்டு வித்தியாசத்தை மாத்திரம் வட்டமிட்டு வைப்பார். அவ்வாண்டு டிசம்பரில் அந்த வட்டங்களைக் காட்டி, "இது தங்காது, பாருங்கள்" என்றார். அபிமானம் குறைந்து அவர் அப்படிச் சொல்லவில்லை. மிக நெருங்கி நேசிக்கிற பொருளைப் பற்றி மனிதர் தம்மை ஏமாற்றிக்கொள்ள மறுத்த பேச்சு அது. ஜனவரியில் அதே ஜயண்ட்ஸ் அணியிடம் 31-24 என்று தோற்றுப் பருவம் முடிந்தது.

மறு ஆண்டு முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி; வித்தியாசம் முறையே 3, 6, 4. முந்திய ஆண்டு கைகொடுத்த ஆட்டங்கள் இவ்வாண்டு கைவிட்டன. பயிற்சியாளரின் சாமர்த்தியமும் ஆட்டக்காரர்களின் மனோதிடமும் இத்தகைய தருணங்களில் பயன்படுவதில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரு முனையும் கூர்ந்த அந்தப் பந்து தரையில் விழுந்து எந்தப் பக்கம் துள்ளும் என்பதை எந்தச் சாமர்த்தியசாலியும் முன்கூட்டி அறியான். வெற்றி முழுவதையும் குணத்தின் பலனாகவும் தோல்வி முழுவதையும் குணக்கேடாகவும் பேசுகிற வழக்கத்தை நான் ஒப்பவில்லை. இந்நாட்டில் வேலை செய்யும் விசா எங்களில் பலருக்குக் குலுக்கலில் கிடைத்தது. அது கிடைக்காமல் திரும்பிப்போனவர்களின் திறமை எங்களுடையதற்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

தென்னாப்பிரிக்காவில் பிறந்து இளம் வயதில் அமெரிக்காவில் குடியேறிய, வைக்கிங்ஸ் அணியின் உதைப்பாளர் கேரி ஆண்டர்சன் 1998-ஆம் ஆண்டுப் பருவத்தில் தாம் உதைத்த 35 உதைகளில் ஒன்றையும் தவறவிடவில்லை. 1999 ஜனவரியில், இறுதிப் போட்டிக்கு வழிதிறக்கும் ஆட்டத்தில், ஒன்றே ஒன்று இடப்புறமாக விலகிற்று. அட்லாண்டா 30-27 என்று வென்றது. அந்த ஓர் உதையை வைத்தே அவரை நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது அநியாயம்.

மூன்று தோல்விகளோடு தொடங்கிய அந்த 2023 பருவத்தில், அக்டோபர் 29 அன்று கிரீன் பேயில் வென்றுகொண்டிருந்தபோதே, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கான கர்க் கசின்ஸுக்குக் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் அறுந்தது. இரண்டு நாட்களில் அரிசோனாவிலிருந்து ஜோஷுவா டாப்ஸ் என்பவரைக் கொண்டுவந்தார்கள். விண்வெளிப் பொறியியல் படித்தவர் என்பதால் எங்கள் ஆபீஸ் தமிழர்களுக்கு அவர்மேல் உடனே ஒரு பிரியம் உண்டாயிற்று. புதிய சகாக்களோடு முறையாகப் பயிற்சி செய்யக்கூட அவகாசமின்றி, அந்த வாரமே அட்லாண்டாவில் இன்னொருவர் தலையில் அடிபட்டு வெளியேற, டாப்ஸ் இறங்கி 31-28 என்று வென்றுகொடுத்தார். ஆயினும் பருவத்தின் முடிவில் வெற்றி 7, தோல்வி 10.

ஆட்டத்துக்கு முன்னர் வாரந்தோறும் ஒவ்வொரு அணியும் காயமுற்றோர் ஜாபிதாவை வெளியிட வேண்டும் என்பது லீகின் விதி. பெயருக்கு எதிரே முழங்கால், தொடை, கணுக்கால் என்று ஒரே ஒரு சொல். அதனருகே ஆடுவாரா, ஆடுவது சந்தேகமா என்ற குறிப்பு. ஜனங்கள் அதைப் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் பார்த்து வரப்போகும் ஞாயிறின் பலனைக் கணிக்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு மனிதனின் எவ்வளவு வேதனை அடங்கியிருக்கிறது என்பதை வைக்கிங்ஸின் முன்னாள் குவார்ட்டர்பேக் டெடி பிரிட்ஜ்வாட்டரின் விஷயத்தில்தான் நான் உணர்ந்தேன்.

2016 கோடையில் அவருக்கு வயது 23; முந்திய ஆண்டு அணியை 11 வெற்றிகளுக்கு இட்டுச்சென்றிருந்தார். ஆகஸ்ட் 30 அன்று பயிற்சி மைதானத்தில், எவரும் தொடாமலே, எறிவதற்காகப் பின்னடி வைத்தபோது இடது முழங்கால் மூட்டு நழுவித் தசைநார்கள் கிழிந்தன. சகாக்களில் பலர் அங்கேயே மண்டியிட்டுப் பிரார்த்தித்தார்கள். அன்றைய பயிற்சி அத்துடன் நின்றது. முழங்கால் அவ்விதம் நழுவும்போது பின்புறத்து ரத்தக்குழாய் சேதமடையக்கூடும். சில மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தை மீட்காவிட்டால் காலையே இழக்க நேரிடும். எரிக் சுகர்மன் தலைமையிலிருந்த உடற்பயிற்சி மருத்துவக் குழுவினர் கலங்காமல் காலைச் சரியான நிலையில் அமைத்து ஆம்புலன்சில் ஏற்றினார்கள். இந்த அணியின் சரித்திரத்தில் எத்தனையோ வெற்றிகள் எழுதப்பட்டிருக்கின்றன. என் அபிப்பிராயத்தில் அந்தச் சில நிமிஷங்களில் அவர்கள் செய்த காரியத்துக்கு அவற்றில் எதுவும் ஈடன்று. அவருக்குப் பதிலாக மற்றவர்களைக் கொண்டு ஆடிய அணி முதல் ஐந்து ஆட்டங்களிலும் வென்று, பின் சரிந்து, எட்டுக்கு எட்டு என்று முடித்தது.

2017 டிசம்பரில், சின்சினாட்டிக்கெதிரான ஆட்டத்தின் முடிவு நிச்சயமாகிவிட்ட கடைசிப் பகுதியில், பிரிட்ஜ்வாட்டர் மீண்டும் களத்துக்குள் வந்தார். உணர்ச்சியை வெளிக்காட்டாத அந்த ஜனங்கள் அரங்கு முழுவதும் எழுந்து நின்று ஆரவாரித்தார்கள். அவர் எறிந்த முதல் பந்து சகாவின் கையில் பட்டுத் தெறித்து எதிராளியிடம் போய்ச் சேர்ந்தது. ஆரவாரித்தவர்களில் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பிற்பாடு அவர் நியூ ஆர்லியன்ஸ் அணிக்குப் போனார். 2019-இல் அங்கே ட்ரூ பிரீஸ் கட்டைவிரலில் காயமுற்று விலகியபோது, அவருடைய ஸ்தானத்தில் தொடக்கம் முதல் இறங்கிய ஐந்து ஆட்டங்களிலும் பிரிட்ஜ்வாட்டர் வென்றார்.