புதுக்குவதா, மாற்றுவதா?

தேய்ந்துபோன மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்றைப் பழுதுபார்த்துப் பாவிப்பதா, அன்றி அதனை அகற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டுவதா என்னும் வினா தமிழ்ச்சங்க மலர் ஒன்றுக்கு உரியதுதானா எனச் சிலர் ஐயுறக்கூடும். சென்ற ஆண்டில் மூன்று மாத காலம் எங்கள் வீட்டில் வேறெந்த வினாவும் இத்துணை விவாதிக்கப்படவில்லை. ஆதலின் அதனையே எழுதத் துணிந்தேன்.

வண்டி காலஞ்சென்ற என் தந்தையாருடையது. யப்பானில் ஓடியபின் இங்கு வந்துசேர்ந்த ஹொண்டா சி.டி. 125; இரட்டைச் சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 44 மில்லிமீற்றர் விட்டமுடையவை. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனையிலிருந்த தம் கடைக்கு அவர் நாடோறும் அதிலேயே சென்று வந்தார். காலி வீதி, காலிமுகத்திடல், கோட்டை எனச் செல்லும் அவ்வழி பத்துக் கிலோமீற்றர் அளவினதே. ஆயினும், காற்றினால் மட்டும் குளிரும் எஞ்சினுக்கு நெடுந்தூர ஓட்டத்தைவிட, நிற்பதும் நகர்வதுமான இத்தகைய குறும்பயணமே கொடியது. கடற்காற்றின் உப்பு செய்யும் வேலை வேறு.

2022இல் எரிபொருள் அட்டை முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் கிடைத்தது. அந்நாளில் இவ்வண்டி எங்களைக் கைவிடவில்லை. சென்ற ஆண்டில்தான் புகை நீலநிறமாயிற்று. கரும்புகையாயின் பெற்றோல் மிகுதி என்று காபரேற்றரைத் திருத்தி அமையலாம். நீலப்புகை, ஒயில் எரிவதன் அடையாளம்.

கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுசென்றேன். இளமையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், தந்தையாரை அறிந்தவர். அவர் முதலிற் செய்த சோதனை எளிமையானது. பிளக்கைக் கழற்றி அமுக்கத்தை அளந்தார். பின்னர் அத்துளையினூடாகச் சிறிது ஒயில் ஊற்றி மீண்டும் அளந்தார். ஊற்றிய ஒயில் பிஸ்டனுக்கும் சுவருக்குமிடையேயுள்ள இடைவெளியைச் சற்று நேரம் அடைக்கும். ஆகவே அமுக்கம் உயர்ந்தால் பழுது றிங்கிலும் சிலிண்டரிலும். உயராவிடின் வால்விலே தேடவேண்டும். இரு சிலிண்டர்களிலும் அமுக்கம் உயர்ந்தது.

(முசலம், உருளை எனக் கலைச்சொற்கள் நம்மிடம் இருக்கவே செய்கின்றன. ஆனால் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒருங்கே வேலை செய்யும் அக்கராஜில் பிஸ்டன் என்பதே மும்மொழிக்கும் பொதுச்சொல். நானும் அதனையே பின்பற்றுகிறேன்.)

ரொறன்ரோவிலிருக்கும் அண்ணா தொலைபேசியில் ஒரே முடிவாகச் சொன்னார்: “அதை வித்துப்போட்டுப் புதுசு ஒண்டு எடு. காசு நான் அனுப்புறன்.” அவர் வாதத்தில் நியாயமில்லாமல் இல்லை. அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் வண்டி நடுவழியில் நிற்கக்கூடாது. ஆனால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கிய போதிலும், வரிகளோடு வந்த விலையைக் கேட்டபோது அண்ணாவின் குரலிலும் உறுதி சற்றுத் தளர்ந்தது.

இடைவழியொன்றும் இருந்தது. பஞ்சிகாவத்தையில் அதே வகைப் பழைய எஞ்சின் வாங்கிப் பூட்டலாம். இரண்டு நாள் வேலை. அம்மா இதனை விரும்பவில்லை. காரணத்தைக் கேட்டபோது, பதிவுப் புத்தகத்தை எடுத்து வந்து முன்னே வைத்தார். எஞ்சின் இலக்கம், சேஸி இலக்கம் இரண்டும் அதிலே உள்ளன. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதனைப் பதிந்து புத்தகத்தையும் திருத்த வேண்டும். இன்று அது அலைச்சல் மட்டுமே. யுத்த காலத்தில் அவ்வாறன்று. இரவில் கடை பூட்டித் திரும்பும் தந்தையாரைச் சோதனைச் சாவடியில் நிறுத்துவர். டோர்ச் ஒளியில் இலக்கத்தையும் புத்தகத்தையும் ஒப்பிடுவர். ஓர் எழுத்துப் பிசகினாலும் அன்றிரவு அவர் வீடு வந்துசேரார் என்று அம்மா விழித்திருப்பார். எங்கள் பிறந்த திகதிகளில் தடுமாறும் தந்தையார், அவ்விரு இலக்கங்களையும் ஒருபோதும் தடுமாறாது சொல்வார்.

எனினும், பற்றை மட்டும் கொண்டு இதனை முடிவுசெய்ய நான் விரும்பவில்லை. கிராங்க் கெட்டிருந்தால் எஞ்சினை மாற்றுவதற்கே இசைந்திருப்பேன். சிலிண்டரைக் கடைந்து புதுக்கலாம். இவ்வகை எஞ்சினிலோ கிராங்கின் துண்டுகள் அழுத்திப் பொருத்தப்பட்டவை, அவற்றைப் பிரித்து நேர்செய்யும் கைகள் அருகிவிட்டன. ஆகவே முதலில் திறந்து பார்ப்பதென்று தீர்மானித்தோம்.

திறந்தார். கொனெக்ரிங் றொட்டைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்தார்; ஆட்டமில்லை. பக்கவாட்டில் மட்டும் சிறிது அசைந்தது. அது இருக்கவேண்டிய அசைவே. சிலிண்டர் சுவரின் மேற்புறத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் ஒரு விளிம்பு இருந்தது. வெப்பமும் அழுத்தமும் மிகுந்து ஒயில் குறைந்து நிற்கும் இடம் அதுவாதலால் தேய்வும் அங்கேதான் மிகுதி.

பிறகு பிஸ்டனின் தலையிற் படிந்திருந்த கரியைச் சுரண்டினார். அடியில் 0.25 என்று பொறித்திருந்தது.

“தம்பி, இது முந்தியும் ஒருக்கா போர் அடிச்ச எஞ்சின்” என்றார். “ஐயா உங்களுக்குச் சொல்லேல்லையோ?”

சொல்லவில்லை. அம்மாவுக்கும் தெரியாது. அக்காலத்தில் கடையிற் காசு புழங்கியதில்லை என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. ஒரு மாதம் தந்தையார் பஸ்ஸிலே போய்வந்தாராம். வண்டிக்கு ‘சேர்விஸ்’ என்று சொன்னாராம்.

லேத்துக்காரர் 0.50 அளவுக்குக் கடைந்தார். ஒயில் தங்குவதற்காகச் சுவரிலே குறுக்குக் கோடுகள் விழுமாறு தீட்டினார். பஞ்சிகாவத்தையில் நான்கு கடைகள் ஏறி, இரண்டாவது நாளிலே பிஸ்டன் சோடி கிடைத்தது. மொத்தச் செலவு வேறு எஞ்சின் ஒன்றின் விலையிற் பாதிக்குச் சற்று மேல். அண்ணா அதனை அனுப்பிவிட்டு, பிஸ்டனைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார், பழையதை.

முதல் ஆயிரம் கிலோமீற்றருக்கு வேகம் கூடாது என்பது கராஜ்காரரின் கட்டளை. காலி வீதியில் முச்சக்கர வண்டிகள் என்னை முந்திச் செல்கின்றன. இனி 0.75, 1.00 என இரண்டு அளவுகள் மீதியுண்டு. அதற்கு மேல் லைனர்தான் போடவேண்டும் என்கிறார்.