எக்ஸ்சேஞ்ச் சாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சார்,

நம் ஊர் தொலைபேசி நிலையத்தில் ஜே.டி.ஓ.வாக (இளநிலைத் தொலைத்தொடர்பு அதிகாரியாக) இருந்த உங்களுக்குத் தபாலில் போட வேண்டிய கடிதம் இது. ஊரறிய எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஈ.சி.இ. முடித்த பிள்ளைகள் மேற்படிப்பு பற்றி என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். நான் சொல்வதில் பாதிக்கு மேல் நீங்கள் சொன்னது. அது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

அப்படித்தான் ஒரு நாள் நானும் உங்களிடம் வந்து, "எந்தக் காலேஜ் சார் நல்லது?" என்று கேட்டேன். "ப்ராபபிலிட்டியில எவ்வளவு வாங்கினே?" என்று திருப்பிக் கேட்டீர்கள். பிறகு ஊர்க் கம்பிகள் வந்து சேரும் எம்.டி.எஃப். அறையில் ஒரு பழைய நோட்டை விரித்துக் கணக்குப் போட்டுக் காட்டினீர்கள். அழைப்புகள் மிகுந்த 'பிஸி அவரில்' 100 அழைப்புகள், அழைப்புக்குச் சராசரி 3 நிமிடம். ஆக 300 நிமிடப் பேச்சு. ஒரு மணி நேரத்தால் வகுத்தால் 5 எர்லாங், அதாவது சராசரியாக எந்நேரமும் 5 பேச்சு. அப்படியானால் 5 லைன் போதுமே என்றேன். சிரித்தீர்கள். அழைப்புகள் வரிசையில் நின்று வருவதில்லை, கும்பலாக வந்து விழும். நூற்றில் ஒன்றுக்கு மேல் 'லைன் பிஸி' ஆகக் கூடாதென்றால் 11 லைன் வேண்டும் என்றீர்கள். அது கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்பவர் 1917-இல் வெளியிட்ட சூத்திரம். நாலு வருடப் படிப்பில் எனக்கு ஏறாதது அந்த அரை மணியில் ஏறியது.

எம்.டெக். நெட்வொர்க் வகுப்பில் க்யூயிங் தியரி (வரிசைக் கோட்பாடு) வந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் மிரண்டார்கள். எனக்கு அது உங்கள் நோட்டு. ரூட்டரில் பாக்கெட்டுகள் காத்து நிற்பதற்கும் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வருகிற பிள்ளைகளிடம் நானும் கல்லூரிப் பெயரைக் கடைசியில்தான் பேசுகிறேன். அலை, ஆண்டெனா, சேனல் கோடிங் என்று சிக்னல் பக்கம் மனம் போகிறவர்கள் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வில் ஈ.சி. தாள் எழுதட்டும். புரோட்டோகால், ரூட்டிங், நெட்வொர்க் பாதுகாப்பு என்றால் சி.எஸ். தாள். 2021 முதல் இரண்டு தாள் எழுத அனுமதி உண்டு. இரண்டுக்கும் உருப்படியாகத் தயாராகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மதிப்பெண் மூன்று வருடம் செல்லும் என்பதால் வேலைக்குப் போய்க்கொண்டே யோசிக்கலாம்.

இடம் என்று வந்தால், கரக்பூர் ஐ.ஐ.டி.யில் தொலைத்தொடர்புக்கென்றே ஜி.எஸ்.சன்யால் பெயரில் தனிப் பள்ளி இருக்கிறது. டெல்லி ஐ.ஐ.டி.யில் 2000-இல் தொடங்கிய பாரதி பள்ளியில் தொழில்நுட்பத்தோடு மேலாண்மையும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யைப் பற்றி நீங்கள் பெருமையாகச் சொன்னது கார்டெக்ட்: கம்பி இழுக்க முடியாத கிராமத்துக்கு வயர்லெஸ்ஸில் தொலைபேசி கொடுக்க, பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கியது. 2022-இல் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த 5ஜி சோதனைக் களத்துக்கும் சென்னைதான் தலைமை.

சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.டெக். தவிர எம்.எஸ். என்ற ஆராய்ச்சிப் பட்டமும் உண்டு என்பது நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. பாடங்கள் குறைவு, ஆய்வேடு பெரிது, நேர்முகம் கடுமை, முடிக்க இரண்டு வருடத்துக்கு மேலும் ஆகலாம். ஒரே பிரச்சினையைக் கட்டிக்கொண்டு கிடக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். கேட் எழுதி எம்.டெக். சேர்கிறவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும் என்று சொன்னால் அப்பாக்களின் முகம் கொஞ்சம் தெளிகிறது. கேட் சரியாக அமையாவிட்டால் மாநில அளவில் எம்.இ. கம்யூனிகேஷன் சிஸ்டம்ஸ் இருக்கிறது; சேருமுன் அந்த ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரம் அனலைசரைப் பூட்டித்தான் வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.

2020 ஜனவரி கடைசியில் பி.எஸ்.என்.எல்.லில் சுமார் 78,000 பேர் விருப்ப ஓய்வில் போனபோது நீங்களும் போனீர்கள். உங்களைப் போன்றவர்களிடம் அந்தத் தொலைபேசி நிலையங்களில் சேர்ந்த அனுபவத்தை உட்கார்ந்து எழுதி வாங்க யாருக்கும் தோன்றவில்லை என்பதில் எனக்கு ஆத்திரம்தான்.

ஒரு வேண்டுகோள் உண்டு, சார். அந்த பிஸி அவர் நோட்டு கரையானுக்குத் தப்பியிருந்தால் கொடுங்கள். நகல் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். அடுத்த பருவத்தில் நான் நடத்தும் வகுப்பில் க்யூயிங் தியரியை அதிலிருந்தே தொடங்கலாம் என்று இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மாணவன்