றடிங்டன் முற்றமும் தறி வாடகையும்

பாடசாலை விடுமுறை வந்தால் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்பது எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருடமும் எழும் கேள்வி. கடற்கரை, மிருகக்காட்சிச்சாலை எல்லாம் பார்த்து முடிந்துவிட்டது. கோடையில் நொட்டிங்காமில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர்தான் சொன்னார், "பக்கத்திலை மேஸ் பின்னின பழைய இடமொன்று இருக்கு, ஒருக்கால் போய்ப் பாருங்கோ" என்று. காலுறை பார்க்க யாராவது பஸ் ஏறுவார்களா என்று பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனாலும் போனோம்.

றடிங்டன், நொட்டிங்காம் நகருக்குத் தெற்கே சுமார் ஐந்து மைல் தூரத்தில் உள்ள ஊர். செங்கல் வீடுகள், ஒரு தேவாலயம், சிறிய கடைத்தெரு. அங்கே 1829இல் கட்டிய ஒரு முற்றத்தைச் சுற்றி வேலைக்கூடங்களும் தொழிலாளர் குடியிருப்புகளும் நிற்கின்றன. இடிந்து போகவிருந்த இவற்றை 1971இல் ஊர்மக்கள் ஒரு பொறுப்பு நிதியம் அமைத்துக் காப்பாற்றி நூதனசாலை ஆக்கினார்கள். வேலைக்கூடத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காகச் சுவரின் நீளத்துக்கு யன்னல் வைத்திருக்கிறார்கள். இருட்டியபின் மெழுகுதிரியின் முன் நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையை வைத்து அந்த வெளிச்சத்தை ஊசிகளின்மேல் குவிப்பார்களாம்.

தறி என்றதும் எங்களுக்குப் பாவும் ஊடையும்தான் ஞாபகம் வரும். இந்தத் தறி வேறு. இது நெய்வதில்லை, பின்னுகிறது. ஒரே நூல்தான். வரிசையாக நூற்றுக்கணக்கான கொக்கி ஊசிகள். அவற்றின்மேல் நூலைக் கிடத்தி, காலால் மிதியை அழுத்தினால் மெல்லிய தகடுகள் இறங்கி நூலை ஊசிகளுக்கிடையே அமுக்கிக் கண்ணிகளாக்கும். பிறகு ஒரு சட்டம் கொக்கிகளின் வாயை மூட, பழைய கண்ணிகள் புதியவற்றின் மேலாக வழுகி விழும். அம்மா இரண்டு ஊசியால் ஒவ்வொரு கண்ணியாகப் பின்னியதை இது ஒரு வரிசை முழுக்க ஒரே தடவையில் செய்கிறது. அங்கிருந்த முதிய தொண்டர் ஒருவர் ஓட்டிக் காட்டினார். இரண்டு கை, இரண்டு கால், கண் எல்லாவற்றுக்கும் வேலை. கட்டடம் அதிரும் சத்தம்.

இதை 1589இல் கண்டுபிடித்தவர் நொட்டிங்காமுக்கு வடக்கே உள்ள கல்வேட்டன் ஊரைச் சேர்ந்த வில்லியம் லீ என்பது மரபு. காதலி எப்போதும் பின்னிக்கொண்டே இருந்தாள், அந்தக் கோபத்தில் செய்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். நான் அதை அவ்வளவாக நம்பவில்லை. முதலாம் எலிசபெத் அரசி அவருக்கு உரிமைப் பத்திரம் கொடுக்கவில்லை. பிரான்சுக்குப் போய் அங்கேயே வறுமையில் இறந்தார். தறிகளைத் திரும்பக் கொண்டுவந்தவர் அவருடைய சகோதரர்.

தொழில் வளர்ந்து, லண்டனில் தறிப் பின்னலாளர் கம்பனி ஒன்று 1657இல் குரோம்வெல்லிடமும் 1663இல் இரண்டாம் சார்ள்சிடமும் பட்டயம் பெற்றது. யார் தொழில் பழகலாம், எத்தனை வருடம் என்பதெல்லாம் அதன் கையில். ஆனால் தறிகள் மெல்ல மெல்ல நொட்டிங்காம், லெஸ்டர், டார்பி பக்கம் நகர்ந்துவிட்டன. 1753இல் பாராளுமன்றமே விசாரித்து அந்தக் கம்பனியின் பிடியைத் தளர்த்தியது. 

அந்தத் தொண்டர் தறி வாடகையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோதுதான் நாங்கள் இருவரும் காதைக் கூர்மையாக்கினோம். பெரும்பாலான பின்னலாளருக்குத் தறி சொந்தமில்லை. வணிகரோ அல்லது நூலைக் கொடுத்துக் காலுறையை வாங்கிப் போகும் இடைத்தரகரோ தறியைக் கொடுப்பார், வாரக் கூலியில் வாடகையைக் கழிப்பார். வேலை குறைந்த வாரத்திலும் முழு வாடகைதான். ஆகையால் தறி வைத்திருப்பவருக்கு ஒருவருக்கு நிறைய வேலை கொடுப்பதைவிட, பத்துப் பேருக்குக் கொஞ்சம் கொஞ்சம் கொடுப்பதில்தான் இலாபம்: பத்து வாடகை வரும். காசு சேர்த்துச் சொந்தத் தறி வாங்கியவனிடமும் பாதி வாடகை கேட்டார்கள், இல்லாவிட்டால் வேலை இல்லை. மனைவி பெண்களோடு சேர்ந்து காலுறையின் ஓரம் தைப்பாள், பிள்ளைகள் நூல் சுற்றுவார்கள். அப்படியும் "காலுறைக்காரன் மாதிரி ஏழை" என்பது அந்தப் பக்கத்துப் பழமொழியாகிவிட்டது.

"இஞ்சேருங்கோ, எங்கட அந்த மெஷின் காசு மாதிரித்தானே கிடக்கு" என்றாள் மனைவி.

அதை இங்கே சொல்லத்தான் வேண்டும். 1991இல் நாங்கள் கிழக்கு லண்டனில் ஒரு அறையில் இருந்தபோது ஒருவர் தையல் மெஷினையும் வெட்டிய துணியையும் கொண்டுவந்து தந்தார். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. மெஷினுக்கு வாராவாரம் கழிப்பார். துணி வராத வாரத்துக்கும் அடுத்த வாரம் சேர்த்துக் கழிப்பார். "எல்லா வீட்டிலும் இப்படித்தான்" என்பார். எல்லா வீடும் என்ன கழிக்கிறது என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்கவே இல்லை, கேட்க வெட்கம். பிறகு கோயிலில் கதைக்கும்போதுதான் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு தொகை என்று தெரிந்தது. மூன்று வீட்டுக்காரர் சேர்ந்து போய்க் கேட்டோம். துணி வராத வாரத்துக்குக் கழிப்பதை நிறுத்தினார். முதலில் வாய் திறந்த வீட்டிலிருந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் இன்றைக்கும் கடன்பட்டவர்கள்.

நொட்டிங்காம் பின்னலாளர் இதையே பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். 1770களின் பிற்பகுதியில் அவர்கள் மத்திய மாவட்டங்களுக்கென்று பரஸ்பரப் பாதுகாப்புச் சங்கமொன்று அமைத்தார்கள். கூலியையும் தொழிலையும் ஒழுங்குபடுத்தச் சட்டம் வேண்டுமென்று 1778இல் பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள், நிராகரிக்கப்பட்டது. 1779இல் மசோதாவாகவே போனது; அதுவும் தோற்றது. செய்தி வந்ததும் நொட்டிங்காமில் கலவரம், தறிகள் உடைந்தன. சங்கம் அதோடு கலைந்தது. 1788இல் தறி உடைப்பவரை நாடுகடத்தலாம் என்று சட்டம் வந்தது.

1811இல் மறுபடியும் உடைத்தார்கள். லடைட்டுகள் என்று இவர்களுக்குப் பெயர். புதிய இயந்திரத்தைக் கண்டு பயந்தவர்கள் என்று இன்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அவர்கள் உடைத்த தறிக்கு அப்போதே இருநூறு வயதுக்கு மேல்! குறைந்த கூலி கொடுத்தவர்களின் தறிகளையும், அகலத் துணியாகப் பின்னி வெட்டித் தைத்த மலிவுக் காலுறை செய்த தறிகளையும்தான் தேடிப் போனார்கள். 1812இல் தறி உடைப்புக்கு மரணதண்டனை விதிக்கும் சட்டம் வந்தபோது, கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் தன் முதல் பேச்சை அதற்கு எதிராகவே பேசினார். சட்டம் நிறைவேறத்தான் செய்தது.

அதே 1812இல் கிரேவ்னர் ஹென்சன் என்ற பின்னலாளர் வேறு வழியில் போனார். தொழிலாளரிடம் சிறுசிறு தொகையாகச் சேர்த்து ஒரு குழு அமைத்து லண்டனுக்குப் போய் மசோதா ஒன்றைக் கொண்டுவரச் செய்தார். மக்கள் சபை அதை ஏற்றது, பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. தொழிலாளர் கூட்டுச் சேர்வதே அப்போது சட்டப்படி குற்றம். 1817இல் ஹென்சனை விசாரணையின்றி மாதக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். வெளியே வந்து, 1831இல் தன் தொழிலின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். இவ்வளவு அலைச்சலுக்குள்ளும் எழுத நேரம் கண்டிருக்கிறாரே என்று எனக்கு வியப்பு.

1843இல் இருபத்தையாயிரம் பேர் கையொப்பமிட்டு மனுக் கொடுத்த பிறகு அரசு ஒருவரை அனுப்பி விசாரித்தது. அப்போது 48,000க்கு மேற்பட்ட தறிகள் இருந்தன. 1845இல் வந்த அறிக்கை வாடகையின் கொடுமையை விரிவாகவே சொல்லியது. ஆனால் வாடகை கழிப்பதைத் தடுக்கும் சட்டம் 1874இல்தான் வந்தது. அதற்குள் நீராவித் தொழிற்சாலைகள் வந்து, கைத்தறிகள் ஓய்ந்துகொண்டிருந்தன.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் அலுப்பு. கைபிடியைச் சுற்றினால் காலுறைக் குழாய் இறங்கும் சிறிய வட்டப் பொறியை விட்டு அவர்களை இழுத்து வருவதே பெரும்பாடாயிற்று. மனைவி தொண்டரிடம் ஒரு கேள்வி கேட்டாள்: "வாடகை கழித்ததுக்கு அவர்களிடம் துண்டு ஏதும் இருந்ததா?" அவர் சிரித்துவிட்டு, நல்ல கேள்வி என்றார்.

போக விரும்புபவர்களுக்கு: குளிர்காலத்தில் மூடியிருப்பார்கள், ஆகவே திறக்கும் நாளை முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். நொட்டிங்காம் நகரத்திலிருந்து பஸ் இருக்கிறது. மாடிப்படி செங்குத்தானது; வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் கையைப் பிடித்து ஏற்றுங்கள்.