துருவேறிய மரை

இரு சொற்கள் புணர்ந்தவிடத்து அவற்றைப் பிரித்துக் காட்டும் முறையினை ஓராண்டாகக் கற்றுவந்த யாம், துருவினாற் புணர்ந்த இரும்பைப் பிரிக்கும் முறையினைச் சென்ற கோடை விடுமுறையிலேதான் கற்றோம்.

எம் பாட்டனார் பக்கவாதத்தாற் படுக்கையுற்ற இரண்டாண்டுகளும் அவரது டிராக்டர் மழையிலும் வெயிலிலும் நின்றது. பின்சக்கரத்தின் டயர் பிளவுபட்டிருந்தது. தாமிரபரணிக் கால்வாயிற் கார் சாகுபடிக்கு நீர் வரும் நாளோ நெருங்கிற்று. சக்கரத்தைக் கழற்றி வேறு டயர் மாட்டாவிடின் உழவில்லை. வாடகைக்கு வண்டி அமர்த்தக் கையிற் பொருளுமில்லை.

எட்டு நட்டுகளுள் முதலாவதன்மேல் ஸ்பானரைப் பொருத்தி, அதன் பிடியில் நீண்ட குழாயைச் செருகி, வலிமை முழுவதுங்கொண்டு அழுத்தினோம். போல்ட்டே முறிந்தது. சினமுற்ற யாம், மற்றவற்றைத் தீயாற் சுட்டிளக்க எண்ணிப் பட்டறைக்குப் புறப்பட்டோம்.

திண்ணைக் கட்டிலிலிருந்த பாட்டனார் கையசைத்து அழைத்தார். "டயர் மாட்டிய சக்கரத்தருகே தீ வைத்தால், உள்ளே வாயு பெருகி வெடித்து ஆளையே கொன்றுவிடும். பொறு தம்பி! துரு ஏற இரண்டாண்டு ஆயிற்று. விடுவதற்கு மூன்று நாளாவது வேண்டாவா?" என்றார்.

இரும்பு துருவாகுங்கால் முன்னினும் மிகுந்த இடங் கொள்ளும். ஆதலின் மரையின் இடுக்கையெல்லாம் அடைத்து இறுக்குகின்றது. அவர் சொற்படி, சேற்றைச் சுரண்டிக் கம்பி பிரஷ்ஷினால் தேய்த்து, டீசலும் என்ஜின் எண்ணெயுங் கலந்து மாலைதோறும் ஊற்றினோம். எண்ணெய் உட்புகுமாறு நட்டின் பக்கங்களைச் சுத்தியலால் மெல்லத் தட்டினோம். மூன்றாம் நாள், சக்கரம் சுழலாதபடி அதனை நிலத்திலேயே ஊன்றவிட்டு, நட்டை முதலில் இறுகும் பக்கமாக இம்மியளவு அசைத்துப் பின்னர் இடப்பக்கந் திருப்பினோம். கடினப்பட்டவிடத்து நிறுத்தி, வந்த வழியே சிறிது திருப்பி, மீண்டும் எண்ணெயிட்டோம். ஏழும் கழன்றன. அதன் பின்னரே ஜாக்கி வைத்துத் தூக்கினோம்.

முறிந்த எட்டாவதைத் துளையிட்டெடுக்கப் பட்டறைக்குக் கூலி கொடுத்தோம். அது பாட்டனாரின் மருந்துக்கென வைத்த பணம். அதுபற்றி அவர் ஒரு சொல்லுஞ் சொல்லிற்றிலர்.

கால்வாயில் நீர் வந்த அன்று, அவரைக் கட்டிலோடு வரப்பருகே கொணர்ந்து வைத்து உழுதோம்.